போஸ்தோய்னா குகை விவேரியம்: டிராகன் குட்டியைப் பாக்கணும்னா அவசரப்படாம போங்க

ஸ்லோவேனியா போறவங்க போஸ்தோய்னா குகைக்குப் போகாம வர்றதில்ல, ஆனா குகைக்குள்ள ஓடுற அந்தக் குட்டி ரயில்ல ஏறி நாலு போட்டோ எடுத்துட்டு பக்கத்துலயே இருக்கற விவேரியத்தை, அதாவது குகை உயிரினங்களை உயிரோட காட்டற எடத்தை, நிறைய பேரு விட்டுட்டு வந்துடறாங்க. நானும் விட்டிருப்பேன். எங்களுக்கு டூர் போட்டுக் கொடுத்த ஏஜென்சி அதுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்னு சொல்லவே இல்ல, கவுன்ட்டர் வரிசையில நிக்கறப்ப போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க போனா ரெண்டையும் சேத்தே வாங்கிடுங்க.

குகை அருமை, அதுல சந்தேகமே இல்ல. 24 கிலோமீட்டர் நீளம், 1872லயே உள்ள தண்டவாளம் போட்டிருக்காங்க, டூர் ஒன்றரை மணி நேரம். வெளிய எவ்வளவு வெயில் அடிச்சாலும் உள்ள 10 டிகிரிதான், ஸ்வெட்டர் இல்லாம போனா நடுங்கிடுவீங்க. அதைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, நான் சொல்ல வந்தது ஓல்ம் பத்தி.

ஓல்ம்ங்கறது ஒரு சாலமாண்டர், பாக்க பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குச் சொந்தக்கார ஜந்து. அந்த ஊர் பாஷையில இதுக்குப் பேரு மனுஷ மீன், நேர்ல பாத்தா ஏன்னு புரியும், தோல் அப்படியே வெளுத்த மனுஷத் தோல் நிறம். ஒரு ஜாண்க்கு மேல நீளம், விலாங்கு மாதிரி உடம்பு. கண் இருக்கவேண்டிய எடத்துல தோல்தான் மூடியிருக்கு. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் செவுள் குஞ்சம் குஞ்சமா வெளிய நீட்டிட்டிருக்கு, ரத்தம் ஓடறதால நல்ல சிவப்பு, உடம்புலயே நிறம்னு இருக்கறது அது மட்டும்தான். மத்த சாலமாண்டர்ல பெரும்பாலானது வளந்ததும் செவுளை விட்டுடும், இது சாகற வரைக்கும் குட்டியாவே தண்ணிக்குள்ளயே இருந்துடுது. முன்னங்கால்ல மூணு விரல், பின்னங்கால்ல ரெண்டே ரெண்டு. நான் கண்ணாடிகிட்ட குனிஞ்சு அந்த மூணு விரலையே பாத்துட்டிருந்தேன், பொறந்த குழந்தையோட விரல் மாதிரி அவ்வளவு மென்மை, வயித்துப் பக்கம் உள்ள இருக்கற உறுப்பெல்லாம் நிழலாத் தெரியுது.

அரணையைப் பாத்தா "அரணை கடிச்சா மரணம்"னு நம்மாளுங்க சொல்வாங்கல்ல, அந்த மாதிரி அங்கயும் ஒரு கதை. பெருமழை பேஞ்சு பூமிக்கடியில தண்ணி ஏறினா ஊத்து வழியா இதுங்க வெளிய வந்து விழும், உள்ள ஒரு டிராகன் படுத்திருக்கு, இதுங்க அதோட குட்டின்னு ஜனங்க நம்பியிருக்காங்க. வால்வாசோர்ங்கற அந்த ஊர் அறிஞர் 1689ல அதை எழுதியே வச்சிருக்காரு. ஐரோப்பாவுல வேற எடத்துல சாலமாண்டர்னாலே நெருப்புல வாழற ஜந்துன்னு நெனச்சாங்க, மக்கின கட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கறது அடுப்புல வச்சதும் தப்பிச்சு ஓடிவர்றதைப் பாத்து வந்த கதைன்னு சொல்றாங்க. ஒண்ணு நெருப்புல, இன்னொண்ணு வெளிச்சமே படாத குளிர் தண்ணியில, ரெண்டும் சாலமாண்டர்தான்னு யோசிச்சா எனக்கு அங்கயே சிலிர்த்துடுச்சு.

2016 ஜனவரில இந்தக் குகையில ஒரு பெண் ஓல்ம் தொட்டியில முட்டை போட ஆரம்பிச்சுது, மொத்தம் அறுபதுக்கு மேல. இது சராசரியா பன்னெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் முட்டை போடும், அதனால அங்க இருக்கறவங்க வெளிச்சத்தை மறைச்சு, கூட இருந்த மத்த ஓல்மையெல்லாம் வேற எடத்துக்கு மாத்தி, மாசக்கணக்கா காவல் காத்திருக்காங்க, இருபதுக்கு மேல குட்டி பொரிஞ்சுது. நூறு வருஷம் வரைக்கும் வாழும்னு கணக்கு போட்டிருக்காங்க, சாப்பாடு இல்லாம வருஷக்கணக்கா தாங்கும். ஆனா தண்ணியில விஷம் கலந்தா தாங்காது, தோல் வழியா எல்லாம் உள்ள போயிடும், மேல வயல்ல போடற உரமும் பூச்சி மருந்தும் அந்தச் சுண்ணாம்புப் பாறை வழியா நேரா இதுங்க தண்ணிக்குத்தான் இறங்குது. 1922லேர்ந்தே இதுக்கு அங்க சட்டப் பாதுகாப்பு இருக்கு.

1831ல இதே குகையில கண்டுபிடிச்ச ஒல்லிக் கழுத்து வண்டைப் பத்தியும் அங்க தெரிஞ்சுக்கலாம், அதையும் விட்டுடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், ஃபிளாஷ் போடாதீங்க. எனக்குப் பக்கத்துல நின்னவரு ரெண்டு தடவ போட்டாரு. கண்ணு தெரியலன்னாலும் ஓல்முக்குத் தோல்லயே வெளிச்சம் உறைக்கும், சட்டுன்னு உடம்பை வளைச்சு பாறைக்கு அடியில போயிடுச்சு. அந்தாளு போனதுக்கப்புறம் நான் அசையாம நின்னேன், ரொம்ப நேரம் கழிச்சு மொதல்ல மூக்கு, அப்புறம் அந்தச் சிவப்புச் செவுள், அப்புறம் அந்த மூணு விரல்.