ஸ்பைரோனோலாக்டோனா, எப்ளிரினோனா, ஃபினெரினோனா?

மூன்று மருந்து எடுத்தும் பிரஷர் இறங்காதவர்களுக்கு நாலாவதாக டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது ஸ்பைரோனோலாக்டோன். 2015-இல் வந்த பாத்வே-2 ஆய்வில் பிஸோப்ரோலால், டாக்ஸாசோசின் என்ற வேறு இரண்டு பிரஷர் மருந்துகளையும் அது முந்தியது. ஆனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கும், வலிக்கும். கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு, அதற்கு அவசியமே இல்லை.

அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டீரோன் சிறுநீரகச் செல்லுக்குள் போய்த் தன் ஏற்பியோடு (ஹார்மோன் பொருந்திக்கொள்ளும் புரதம்) சேர, அந்த ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. உப்பு உடலில் தங்குகிறது, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. தலைப்பில் உள்ள மூன்று மாத்திரைகளும் இந்த ஏற்பியை மறித்துக்கொள்பவைதான். மரபணு வழியாக நடக்கிற வேலை என்பதால் முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நாலு நாள் பார்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் ஆண் ஹார்மோனின் ஏற்பியையும் விட்டுவைக்காது. 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், இதயம் மிகவும் பலவீனமான 1,663 பேரிடையே இறப்பை 30 சதவீதம் குறைத்த அதே மருந்து, எடுத்துக்கொண்ட ஆண்களில் 10 சதவீதம் பேருக்கு மார்புத் தொல்லையும் கொடுத்தது. முகப்பருவுக்கும் முகத்தில் வளரும் முடிக்கும் பெண்களுக்கு இதைக் கொடுப்பதும் இந்தக் குணத்தால்தான் (கர்ப்பமாக இருந்தால் கூடாது).

எப்ளிரினோனில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் வீரியம் கம்மி, உடலில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் பிரஷருக்கு இரண்டு வேளை போட வேண்டிவரலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற சில மருந்துகளோடு சேரவும் சேராது.

ஃபினெரினோன் மற்ற இரண்டையும் போல ஸ்டீராய்டு வகையே இல்லை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடுவதை அது மெதுவாக்குகிறது என்று 2020-இல் ஃபிடெலியோ ஆய்வு காட்டியது. பிரஷரைக் கொஞ்சம்தான் இறக்கும்.

என் கருத்து இதுதான்: மூன்று மருந்துக்கும் இறங்காத வெறும் பிரஷர் என்றால் ஸ்பைரோனோலாக்டோனில் தொடங்கலாம், மார்பு வலித்தால் டாக்டரிடம் சொல்லி எப்ளிரினோனுக்கு மாறலாம், சர்க்கரையும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து இருந்தால் ஃபினெரினோன் பற்றிக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். ரேல்ஸ் முடிவு வந்து ஸ்பைரோனோலாக்டோனை அதிகம் எழுதத் தொடங்கியபின், கனடாவின் ஒன்டாரியோவில் இப்படிப் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கூடினார்கள். ஆரம்பித்த ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், வீட்டில் பிரஷருக்கு நல்லது என்று வாங்கிவைத்திருக்கும் 'லோ சோடியம்' உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதை முதலில் சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.