ஆர்எக்ஸ்-8 எடுக்க நினைக்கும் தம்பிமாரே, முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வயது 23, லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம், 2004ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா, ஃபுல் இன்சூரன்ஸ் தருவார்களா? இந்த மாதமே இரண்டாவது முறையாக என் ஆர்எக்ஸ்-8இன் ஸ்பார்க் பிளக் கழற்றிக் காயவைத்த கையோடு பதில் எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின், 1308 சிசி, டைப்-எஸ் மாடல் என்றால் ஆறு கியர், 250 குதிரைவலு எல்லாம் அவருக்கே தெரியும். ஃபிளாட்டுக்குக் கீழே பத்தடி நகர்த்துவதால் இந்தக் கார் எவ்வளவு கெடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பெரும்பாலான ஃபிளாட்களில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துத்தான் நிற்கும். உள்ளே நிற்பவர் வெளியே போக வேண்டுமென்றால் மறித்து நிற்பதை எடுக்க வேண்டும். அதற்காகத் திறப்பை வோச்சரிடம் (ஃபிளாட் காவலாளியிடம்) கொடுத்து வைப்பது வழக்கம். அவர் ஸ்டார்ட் செய்வார், வெளியே எடுப்பார், நிறுத்துவார். அரை நிமிட வேலை. விட்ஸுக்கோ வேகன் ஆருக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. ரோட்டரி அப்படியல்ல. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சூடேறுமுன் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கிப் பிளக்கை நனைக்கும். ரோட்டர் நுனியில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல் வழுக்கி ஓடும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், நிற்காது. அடுத்த முறை கார் ஸ்டார்ட் ஆகாது.

காதைக் கொடுத்துக் கேட்டால் விசயம் விளங்கும். ஆரோக்கியமான ரோட்டரியை ஸ்டார்ட்டர் சுற்றும்போது 'டுக் டுக் டுக்' என்று ஒரே தாளத்தில் துடிக்கும். பெட்ரோலில் நனைந்தது துடிப்பே இல்லாமல் மிக்ஸி மாதிரி 'விர்ர்ர்' என்று சுற்றும், சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசம் வரும். அப்போது அக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஸ்டார்ட்டரைப் பத்து வினாடி வரை சுற்றுங்கள். முழுக்க மிதித்தால் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று முறையில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அதற்குமேல் சுற்றினால் பேட்டரி இறங்கிவிடும், ஸ்டார்ட்டரும் கருகும். நான்கு பிளக்கையும் கழற்றித்தான் காயவைக்க வேண்டும். கீழே இருப்பது லீடிங், மேலே ட்ரெயிலிங். இரண்டும் வேறு வேறு பிளக். ரோட்டரி பழகாத மெக்கானிக் பாஸ் மாற்றிப் போட்டுவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள்.

வராமல் தடுக்க ஒரே வழிதான். நகர்த்தினால், டெம்பரேச்சர் ஊசி வழமையான இடத்துக்கு வரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பத்தடிக்குப் பத்து நிமிடப் பெட்ரோல். கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றர் தரும் காருக்கு இது வேறு. 'சூடேறாமல் நிறுத்த வேண்டாம்' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் திறப்பில் கட்டித் தொங்கவிட்டாலும், அவசரத்தில் நிற்பவர் அதைப் படிப்பதில்லை.

இன்சூரன்ஸும் இதே இடத்தில்தான் உதைக்கும். நனைந்த எஞ்சின், தேய்ந்த சீல், பழுதாய்ப் போன கொயில் (பிளக்குக்கு மின்பொறி தருவது) எல்லாம் இயந்திரக் கோளாறு. ஃபுல் இன்சூரன்ஸில் அதற்குச் சதமும் கிடைக்காது. வோச்சர் தூணில் உரசினாலும், அவரிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் அந்த கிளெய்ம் போனதுதான். ஃபிளாட் வளவுக்குள் நடந்தது என்பது காரணமாகாது.

தேர்ட் பார்ட்டி சட்டப்படி கட்டாயம், ஆனால் அது உங்கள் காருக்கு ஒன்றும் தராது. ஃபுல் எடுக்கும்போது நாலைந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த வயதுக் காருக்கு ஃபுல் தருவீர்களா? இளம் சாரதிக்கும் புது லைசன்ஸுக்கும் எக்ஸஸ் (கிளெய்மில் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) எவ்வளவு கூடும்? புதுப் பாகம் போட்டால் தேய்மானம் கழிப்பீர்களா? வெள்ளமும் கலவரமும் உள்ளேயா, தனியாகக் கட்ட வேண்டுமா? பிரீமியத்தைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். 60 இலட்சக் காரை 40 இலட்சத்துக்குப் போட்டிருந்தால், குறைத்துப் போட்ட விகிதத்திலேயே பணம் தரும் சராசரி நிபந்தனையுள்ள பொலிசியில் 9 இலட்ச ரிப்பேருக்கு 6 இலட்சம்தான் வரும். ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012இல் நின்றுவிட்டது. 2025இல் கார் இறக்குமதி திறந்தும் வயது வரம்பால் இது இனி வராது. ஒப்பிடப் புதுக் கார் விலை இல்லாததால் வெலுவேஷன் ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. அப்பா பெயரில் பொலிசி எடுத்து, ஓட்டுவது அவர்தான் என்று எழுதுவதும் பொய் விபரம்தான். பெரிய விபத்து வரும் நாளில் அது முழு கிளெய்மையும் விழுங்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. சேஸி நம்பர் எஸ்இ3பி (SE3P) என்று தொடங்க வேண்டும். எஞ்சின் நம்பர் சீஆர் என்ற வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால் இன்சூரன்ஸும் சிக்கல், பெயர் மாற்றமும் சிக்கல். பெயர் மாற்றாமல் கைமாறும் ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். கம்ப்ரஷனை ரோட்டரிக்கான டெஸ்டரில்தான் பார்க்க வேண்டும், சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகத்தையும் பிரித்துக் காட்டாது. நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் நல்ல அளவு, 680க்குக் கீழே என்றால் எஞ்சின் கட்டும் செலவு வாசலில் நிற்கிறது. டெஸ்டர் கிடைக்காவிட்டால் இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது நீளமாக இழுத்தால் சீல் தேய்ந்திருக்கிறது. கொயில் நான்கு. ஒன்று பலவீனமானாலும் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதை உருக்கி அடைக்கும், அடைத்த சூடு திரும்ப எஞ்சினைத் தின்னும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கொயில் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எஞ்சின் எண்ணெய் குடிப்பது அதன் வடிவமைப்பு, குறை அல்ல. ஒவ்வொரு முறை பெட்ரோல் அடிக்கும்போதும் எண்ணெய் அளவுகோலான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதிகாலையில் கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, நன்றாகச் சூடேறிய எஞ்சினை 9000 சுற்றுக்கு இழுத்தால் இரண்டாம் கியரிலேயே வேக எல்லையான 100ஐத் தொட்டுவிடும். அதிர்வே இல்லை. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் ஸ்டியரிங் கைக்குள் இருக்கிறது, எந்த வளைவிலும் மூக்கு தயங்குவதில்லை. இந்த விலைக்கு இப்படி ஓடும் நாலு சீட் கார் கொழும்பில் வேறு இல்லை.

ஆனால் தம்பியின் ஃபிளாட்டில் மூன்று கார் வரிசையாக நிற்குமாம், அவருடையது வாசல் பக்கம் மற்ற இரண்டையும் மறித்து நிற்பதாம். அப்படியென்றால் வேண்டாம். அவர் அனுப்பிய ரிப்போர்ட்டில் கம்ப்ரஷன் 800க்கு மேல் இருக்கிறது, விலையும் நியாயம்தான், ஆனாலும் வேண்டாம். அதே ஒழுங்கையில் யாரும் மறிக்காத ஓரிடம் மாத வாடகைக்குக் கிடைத்தால் சொல்லட்டும், சூடான ஸ்டார்ட்டைக் கேட்க நானும் கூட வருகிறேன்.