சாலையோர மண்ணில் ஈயம் பார்க்க எக்ஸ்ஆர்எஃப் கன்னா, அமிலக் கரைப்பா?

துல்லியம் மட்டுமே கணக்கென்றால் மண்ணை அமிலத்தில் கரைத்து ஐசிபியில் (கரைசலில் உள்ள உலோகங்களை அளக்கும் லேப் கருவி) பார்ப்பதுதான் சரி. அதில் வாதமே இல்லை. ஆனால் சாலையோர மண்ணில் பெரிய பிழை கருவியில் வருவதில்லை, மண் எடுக்கும் இடத்தில் வருகிறது. அதனால் என் ஓட்டு எக்ஸ்ஆர்எஃப் கன்னுக்கு, அதாவது எக்ஸ்ரே பாய்ச்சி மண்ணில் உள்ள உலோகத்தை அளக்கும் கைக்கருவிக்கு.

காரணம், அடிக்கு அடி மாறும் மண். வாகனத்திலிருந்து வரும் உலோகம் பெரும்பாலும் மேல் 5 செ.மீ.க்குள் தங்கும், தார் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் மளமளவென்று குறையும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோனாலும் பழைய ஈயம் மண்ணைவிட்டு எளிதில் நகராது. சாலையை அகலப்படுத்தி கிராவல் கொட்டிய இடத்தில் அது புதைந்திருக்கும். பக்கத்துப் புளியமரத்தடியில் மேலேயே கிடக்கும். சிக்னல் அருகே பிரேக் தேய்மானத்தால் செம்பும் ஆன்டிமனியும் ஏறும். துத்தநாகப்பூச்சு இரும்புத் தடுப்பின் அடியில் துத்தநாகம் எகிறும்; டயர் தேய்மானத்திலும் துத்தநாகம் வரும் என்பதால் அதை டயர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நாலே மாதிரியை லேபுக்கு அனுப்பிவிட்டு இதையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது. கன் இருந்தால் 1, 3, 5, 10, 25 மீட்டர் என்று வரிசை வரிசையாக, ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கன்னைக் கெடுப்பது ஈரம். 20 சதவீதத்தைத் தாண்டினால் அளவு குறைத்துக் காட்டும். நேரே தரையில் வைத்துச் சுடுவது மோட்டா கணக்குக்குத்தான். உலர்த்தி, கல்லும் வேரும் நீக்கி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கப்பில் அழுத்தி நிரப்பிப் பாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்து ஈயம் என்றால் 150 மைக்ரான் சல்லடை. கையில் ஒட்டுவது அந்தத் தூள்தான். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் தானே சேர்த்துவிடும், நைலான் போதும்.

காட்மியம் வேண்டுமென்றால் கன் உதவாது. சாலையோரத்தில் இருக்கும் அளவு அதன் கண்ணுக்கே பெரும்பாலும் படாது. ஈயம் அதிகமான மண்ணில் ஆர்செனிக் அளவையும் நம்பாதீர்கள், கன் உலோகத்தை அடையாளம் காணும் எக்ஸ்ரே கோடுகள் இந்த இரண்டுக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரும்பு மிகுந்த செம்மண்ணில் செம்பு குறைந்தும் குரோமியம் கூடியும் காட்டலாம். அங்கே என் சிபாரிசைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன்.

லேபில் 1 கிராம் மண்ணை நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 95 டிகிரியில் வேகவைப்பார்கள். மணல் போன்ற சிலிகேட் கனிமங்கள் இதில் கரையாது, அவற்றுக்குள் இருக்கும் குரோமியமும் வெளிவராது. அதனால் குரோமியம் கன்னைவிடக் குறைவாகவே வரும், யார்மேலும் தப்பில்லை.

கன் வாங்குவதானால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி தேவை. 20 மாதிரிக்கு ஒன்றையாவது லேபுக்கு அனுப்புங்கள், கன்னில் பார்த்த அதே கப்பின் தூளையே. பக்கத்தில் புதிதாகத் தோண்டி அனுப்பினால் இரண்டு கருவிகளை அல்ல, இரண்டு மண்ணைத்தான் ஒப்பிடுவீர்கள்.