காரைக்குடிப் பக்கம் பழைய பிளாஷ் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

வீட்டில் பழைய கேமரா பிளாஷ் கிடந்தால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,800 ரூபாய் போனது. அதைவிட, உள்ளே இருந்த நல்ல சாமான் போய்விட்டதுதான் மனசு ஆறவில்லை.

எங்கள் ஐயா (தாத்தா) பினாங்கிலிருந்து கொண்டுவந்த விவிடார் 283 பிளாஷ். கானாடுகாத்தான் வீட்டில் பெட்டகத்துக்குள் துணி சுற்றி இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. யாரோ பேட்டரியைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே பச்சை பூக்கவில்லை. அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் (அப்பா, அம்மாவுக்கு) சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், வந்தது. ஐயாவின் ஃபிலிம் கேமராவிலேயே ஒரு ரோல் எடுக்க ஆசைப்பட்டேன். புது பேட்டரி நாலு போட்டேன். ஙொய் என்று சத்தம் வந்தது, ரெடி விளக்கு எரியவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுநாளே காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் திறக்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை. "கன்டென்சர் செத்துப்போச்சு ஆச்சி, மாத்தாம எரியாது" என்றார். பிளாஷ் அடிக்க மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சாமான் அது. மூன்று நாளில் திரும்பி வந்தது. மூன்றே விநாடியில் விளக்கு எரிந்தது, பளிச்சென்று அடித்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. அந்த வேகமே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது தெரியாது.

ரோலைக் கழுவி வாங்கினால் வளவில் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) எடுத்த அத்தனை படமும் இருட்டு, முகங்களே கலங்கிக் கிடக்கின்றன. கடையில் போய்க் கேட்டால், "வீடு பெருசு ஆச்சி, வெளிச்சம் எட்டாது." அதே வளவில் அதே பிளாஷை வைத்து ஐயா எடுத்த கல்யாணப் படங்கள் சுவரில் தொங்குகின்றன.

அப்புறம் மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார். ஏதோ சின்ன பிளாஷிலிருந்து பிடுங்கிய 330 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் கணக்கு) கன்டென்சர் உட்கார்ந்திருந்தது. இந்த பிளாஷுக்கு அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்றார். குடம் சின்னதானால் சீக்கிரம் நிரம்பும், ஊற்றினால் தண்ணீரும் கொஞ்சம்தான். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

அவர் சொன்ன இன்னொன்றுதான் வலித்தது. பழைய கன்டென்சர் அநேகமாகச் செத்திருக்காது. சும்மா கிடக்கும்போது உள்ளே அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் ஆக்ஸைடு படலம் நலிந்துவிடும். மின்சாரம் ஏற ஏற ஒழுகும், அதனால்தான் விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரம் போட்டு, அணைத்து ஆறவிட்டு, மறுபடி போட்டு, இப்படி ஒன்றிரண்டு நாள் பொறுமையாகச் செய்தால் படலம் தானே திரும்ப உருவாகும். விளக்கு வந்தபின் உடனே அடிக்காமல் சில நிமிடம் அப்படியே விட்டு, பிறகு நிதானமாக இடைவெளி விட்டுச் சில தடவை அடிக்க வேண்டும். பிளாஷ் சூடேறினால், நாற்றம் வந்தால், வீங்கினால் நிறுத்திவிடுங்கள், அப்போது நிஜமாகவே மாற்றத்தான் வேண்டும். நீங்களாகத் திறக்கவே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளையே கொல்லும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய கன்டென்சரைக் கையில் வாங்குங்கள், புதியதில் எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: இருட்டறையில் ஒரு டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் இரண்டு விநாடி. பத்தடி தள்ளி ஒரு ஆளை நிறுத்தி, பிளாஷைக் கேமராவில் மாட்டாமல் பக்கத்தில் கையில் பிடித்து மேனுவலில் வைத்து, டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். 283-க்கு ஐஎஸ்ஓ 100-இல் கைடு நம்பர் 120 அடி, அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் வரும்; பத்தடிக்கு 12, எனவே எஃப் 11-இல் படம் சரியாக வர வேண்டும். அரை ஸ்டாப் குறைந்தால் பரவாயில்லை. என்னுடையதுக்கு கிட்டத்தட்ட எஃப் 5.6 வரை திறக்க வேண்டியிருந்தது.

அதே கடைக்காரர், "டிஜிட்டல்லயும் தாராளமா மாட்டலாம்" என்றும் சொன்னார். மாமா பிளாஷின் அடியிலுள்ள நடு முள்ளுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தார், 230 வோல்ட் காட்டியது. ஜப்பானில் செய்த பழைய 283-களில் இது சகஜமாம். பல டிஜிட்டல் கேமராக்கள் இதைத் தாங்காது. நல்லவேளை, நான் மாட்டவில்லை.

கடைக்காரரிடம் பழைய கன்டென்சரைத் திருப்பிக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். பணமும் வரவில்லை. யாரிடமாவது உடைந்த 283 ஒன்று கன்டென்சரோடு இருந்தால் சொல்லுங்கள், மதுரைக்கு நானே எடுத்துப் போய் மாமாவிடம் கொடுத்து மாட்டிக்கொள்கிறேன்.