வி.ஓ.2 மேக்ஸ் காட்டும் வாட்சை மூன்று வருஷம் கட்டிப் பார்த்ததில்

இந்த வாட்சை வாங்க வைத்தது ஒரு டி.எம்.டி (டிரெட்மில் டெஸ்ட்) ரிப்போர்ட். 44 வயசில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் போனபோது டிரெட்மில்லில் ஏழாவது நிமிஷமே "போதும், நிறுத்துங்க" என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் இ.சி.ஜி தாளைப் புரட்டிவிட்டு "நெகட்டிவ்தான், கிளம்புங்க" என்றார். சந்தோஷமாக வெளியே வந்து காபி குடிக்கும்போதுதான் ரிப்போர்ட்டின் மூலையில் 8 மெட்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்தான் 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 3.5 மில்லி. என்னால் அதைப் போல எட்டு மடங்குதான் முடிந்தது, 28 மில்லி. நுரையீரல், இதயம், ரத்தம், தசை எல்லாம் சேர்ந்து உச்சக்கட்டத்தில் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்க முடியும் என்கிற இந்த அளவைத்தான் வி.ஓ.2 மேக்ஸ் என்கிறார்கள். இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1991 முதல் 2014 வரை இதே டிரெட்மில் டெஸ்ட் எடுத்த 1,22,007 பேரின் கணக்கு 2018-ல் வெளியானது. அதில் இந்தத் திறன் அடிமட்டத்தில் இருப்பது, சிகரெட்டுக்கும் சர்க்கரை நோய்க்கும் சமமான அல்லது அதைவிடப் பெரிய ஆபத்தாக இருந்தது. 2009-ல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களோ, ஒரு மெட் கூடினால் இறப்பு ஆபத்து 13% குறைவாக இருக்கிறது என்றார்கள். ஏற்கெனவே நோய் இருப்பவரால் ஓட முடியாது, அதனால் எது காரணம், எது விளைவு என்று முழுசாகப் பிரிக்க முடியாது, சரி. என் தூக்கத்தைக் கெடுக்க இதுவே போதுமானதாக இருந்தது.

வாட்சுக்கு வருவோம். இது ஆக்சிஜனை அளப்பதே இல்லை. ஜி.பி.எஸ்ஸில் வேகம், மணிக்கட்டில் நாடித்துடிப்பு, இரண்டையும் வைத்துக்கொண்டு ஊகம்தான் செய்கிறது. முகமூடி மாட்டி மூச்சை அளக்கும் லேப் டெஸ்ட்தான் அசல். எனக்கு முதலில் 31 காட்டியது, டி.எம்.டி கணக்கைவிட 3 அதிகம், வாங்கினவனுக்குக் கொஞ்சம் சலுகை போல. கத்திரி வெயிலில் அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு எகிறும், உடனே இது "உன் திறன் குறைந்துவிட்டது" என்று 2 புள்ளியைப் பிடுங்கிக்கொள்ளும், மார்கழியில் தானாகவே திருப்பிக் கொடுக்கும். முதல் கோடையில் இதற்காக மனசு உடைந்து ஒரு வாரம் நடக்கவே போகவில்லை, அவ்வளவு முட்டாள்தனம். இப்போதெல்லாம் போன வருஷத்து மே மாதத்தோடு இந்த மே மாதத்தை ஒப்பிடுவதோடு சரி.

நான் செய்தது பெரிய விஷயம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் வீடு, விடிகாலையில் சித்திரை வீதியைச் சுற்றி வேக நடை. நாலு மாதம் கழித்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நார்வேயின் டிரான்ட்ஹைம்காரர்கள் பிரபலமாக்கிய 4x4: பேச முடியாத அளவுக்கு நாலு நிமிஷம் வேகம், மூன்று நிமிஷம் மெதுநடை, இப்படி நாலு தடவை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், அதற்கு மேல் என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. வாட்சை நம்பாமல் நான் வைத்துக்கொண்ட இன்னொரு கணக்கு மலைக்கோட்டை. நானூற்றுச் சொச்சம் படி ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஆரம்பத்தில் 14 நிமிஷம், நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்து. இப்போது உட்காராமல் 8 நிமிஷம்.

நடுவில் டெங்கு வந்தது. மூன்று வாரம் படுக்கை, 35-ல் இருந்த எண் 31-க்கே வந்துவிட்டது, ஒன்றரை வருஷ உழைப்பு போச்சு. டல்லாஸில் 1966-ல் 20 வயசுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். 30 வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தால், அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் 30 வருஷ மூப்பு செய்ததைவிட அதிகமாம். ஆனால் இழந்ததைப் பயிற்சியில் மீட்டார்கள். எனக்கும் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது.

போன மாதம் மறுபடி டி.எம்.டி: 9 நிமிஷம், 10.1 மெட்ஸ், அதாவது 35 சொச்சம். வாட்ச் 37 என்கிறது. ஊகக் கருவிக்கு இது பரவாயில்லை. பி.பி நன்றாகவே இறங்கியிருக்கிறது, சர்க்கரை மட்டும் பார்டரை விட்டு நகர மாட்டேன் என்கிறது, எடை நாலு கிலோதான் குறைவு.

குறைகளும் உண்டு. ஸ்ட்ராப் இரண்டு தடவை மாற்றியாயிற்று, வியர்வையில் மணிக்கட்டு அரிக்கிறது. சில நாள் காலடி வேகத்தையே நாடித்துடிப்பு என்று எண்ணிவிடுகிறது. பி.பிக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணை நம்பவே வேண்டாம், அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது, வாட்ச் அதைப் பெரிய திறமை என்று எடுத்துக்கொள்ளும். என் மச்சான் அந்த கேஸ்தான். ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் என் வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்தார், 42 காட்டியது. மாத்திரை விஷயத்தை எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை, அந்தத் திரையை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார், என் அக்கா உட்பட பதினொரு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.