கறுப்புச் சட்டை என்று நினைத்து…

இந்த முறை ஊருக்குப் போனபோது வங்கி, மின்வாரியம், பல் மருத்துவர் என்று எல்லா வேலையும் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. என்னைத் திணறடித்தது ஒரே ஒரு சட்டை.

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். "மாமா, நீங்க போடுறதெல்லாம் எங்க தாத்தா சட்டை மாதிரியே இருக்கு" என்று சென்னையில் ஒரு மாலுக்கு இழுத்துப் போனாள். இளைஞர்கள் மொய்க்கும் கடை. பெயர் வேண்டாம்.

உள்ளே ஒரே இருட்டு. அங்கங்கே ஒரு விளக்கு, அதுவும் துணியின் மேல் மட்டும். நெஞ்சுக்கூடு அதிரும் பாட்டு. சென்ட் வாசனையில் எனக்குத் தும்மல். வாசலில் நின்ற பையன் சினிமா கதாநாயகன் மாதிரி இருந்தான். என் செருப்பில் ஆரம்பித்துத் தலைவரை ஒரு பார்வை பார்த்தான். "தம்பி, இது நாற்பத்திரண்டுல இருக்கா?" என்று கேட்டேன். "லெட் மீ செக், சார்" என்று போனவன் போனவன்தான்.

நம் பழைய ஜவுளிக்கடையில் இதற்குள் இருபது சட்டையைப் பிரித்துப் போட்டு, "சும்மா பாருங்க சார், எடுக்கணும்னு இல்ல" என்றிருப்பார்கள். இங்கே ஒரு பெரிய மேசைக்கு நாலே சட்டை. தொட்டால் கலைந்துவிடுமோ என்று நமக்கே கூச்சம்.

இந்தப் பாணி எனக்குப் புதிதில்லை. நான் இருக்கும் அமெரிக்காவில் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடை ஒரு காலத்தில் இதே இருட்டுக்கும் இரைச்சலுக்கும் வாசனைக்கும் பேர் போனது. விற்பனையாளர்களையே 'மாடல்' என்றுதான் அழைத்தார்கள். வெள்ளையரல்லாதவர்களை ஒதுக்கி, கண்ணில் படாத பின்கட்டு வேலைக்குத் தள்ளினார்கள் என்று வழக்கு வந்து, 2004இல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தலையில் முக்காடு போட்டதால் வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. அதே வருஷம் 'மாடல்' என்ற பெயரையும் கைவிட்டார்கள். அங்கே கழித்துக் கட்டியதை இங்கே புதுசாக மாட்டி வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

சரி, சட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் எனக்கு மீடியம் போதும். இங்கே எக்ஸெல்லுக்கே மூச்சைப் பிடித்தால்தான் பொத்தான் போட முடிந்தது. ட்ரையல் ரூமில் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்ததால் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். மேனேஜர் பக்கத்தில் இருந்தவரை "லுக்ஸ் கிரேட் ஆன் யூ, சார்". அவர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, கறுப்புன்னு நினைச்சு எடுக்கறீங்களா? இது நேவி ப்ளூ. வாசப்பக்கம் வந்து பாருங்க" என்றாள். வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல நீலம். பக்கத்தில் டபுள் எக்ஸெல் இருப்பதையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். கடையிலேயே எனக்குக் கிடைத்த உருப்படியான சேவை அதுதான், அதையும் மேனேஜருக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தது.

"காலைல இருந்து நின்னுட்டேவா இருக்கே?" என்று கேட்டேன். சிரித்தாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். சுற்றிப் பார்த்தேன். விலை உயர்ந்த ஒரு தோல் நாற்காலி இருந்தது. அதில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது, கால்மேல் கால் போட்டு.

நீலம் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள், தரவில்லை. பையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒரு குரல், இந்த முறை சுத்தமான தமிழில்: "சார், நாப்பத்திரண்டு இல்ல சார்!"