‘ஒரு பெட்டியிலை ரெண்டு பேர் விளையாடலாம்’ எண்டு விக்கினம், கவனம்

கொஞ்ச நாளா யாழ்ப்பாணப் பக்கம் ஒரு விளம்பரம் சுத்துது. நடுவிலை லைட் எரியிற பெரிய கொம்பியூட்டர் பெட்டி, ரெண்டு பக்கமும் ரெண்டு மொனிட்டர், ரெண்டு பெடியள் இருந்து வேற வேற கேம் விளையாடுறாங்கள். ‘ரெண்டு பிசி வாங்கிற காசு மிச்சம்’ எண்டு மேலை எழுதியிருக்கும். உதைப் பாத்திட்டுக் காசோடை வெளிக்கிடுற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். நானும் அப்பிடி வெளிக்கிட்டவன்தான். கடையின்ரை பேரை எழுதேல்லை, இன்பொக்ஸிலையும் கேக்காதேங்கோ. பேர் வந்தால் கதை வேற பக்கம் போயிடும்.

எங்கடை வீடு கொக்குவிலிலை. தம்பி ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்கு இருக்கிறான். நான் வேலையாலை வந்து இரவிலை ஒரு ஒண்டரை மணித்தியாலம் விளையாடுறனான். இருந்தது ஒரு பழைய லப்டொப். அதுக்கு ரெண்டு பேரும் பட்ட சண்டையை அம்மா கனடாவிலை இருக்கிற சித்தப்பாவுக்குச் சொல்லப்போய், அவர் ‘ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்டு வாங்குங்கோ’ எண்டு காசு அனுப்பினவர். அந்தப் ‘பொதுவா’ எண்ட சொல்லுத்தான் எங்களை அந்தக் கடைப்படி ஏற வைச்சது.

கடை யாழ் ரவுனுக்குள்ளை, மாடியிலை. போன உடனை ஓட்டிக் காட்டினவை. ஒரு மொனிட்டரிலை பந்தடி, மற்றதிலை கார் ரேஸ். ரெண்டும் வடிவா ஓடினது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு நிண்டான். பொய் சொல்லக்கூடாது, நானும்தான்.

“தம்பி, 28 கோர். ஆளுக்குப் பதினாலு. ரெண்டு கிராபிக்ஸ் கார்ட், ஆளுக்கு ஒண்டு. ரெண்டு விண்டோஸ். ஒருத்தருக்கு ஒருத்தர் கரைச்சலே இல்லை,” எண்டார் முதலாளி.

“வலோரண்ட் ஓடுமோ அண்ணை?” தம்பி கேட்டான்.

“எல்லாம் ஓடும். ஓடாட்டிக் கொண்டு வாங்கோ.”

மொனிட்டர் ரெண்டோடையும் சேத்து 3,45,000 ரூபா. பில்லிலை ‘கேமிங் பிசி - 1, மொனிட்டர் - 2’ எண்டு மட்டும் எழுதித் தந்தவர். அதை அப்பிடியே மடிச்சு பொக்கெற்றுக்குள்ளை வைச்சன். நான் விட்ட பிழையளிலை பெரிய பிழை அதுதான், அதுக்குப் பிறகு வாறன்.

முதல்லை ஒண்டைச் சொல்லோணும். அந்த வித்தை பொய்யில்லை. ஒரு கொம்பியூட்டருக்குள்ளை மென்பொருளாலை ரெண்டு வேர்ச்சுவல் மெஷின் செய்து வைக்கலாம், ஒவ்வொண்டும் தன்னைத் தனிக் கொம்பியூட்டர் எண்டுதான் நினைக்கும். சாதாரணமா அதுக்குள்ளை பாரமான கேம் ஓடாது, ஏனெண்டால் அதுக்குக் கிடைக்கிறது ஒரு பொம்மைக் கிராபிக்ஸ் கார்ட். ஆனால் புரொசெசரிலையும் மதர்போர்ட்டிலையும் ஐ.ஓ.எம்.எம்.யு. எண்ட வசதி இருந்தால் – இன்டெல்காரர் அதை வி.டி.-டி எண்டுவினம் – உண்மையான கார்ட்டை அப்பிடியே ஒரு மெஷினுக்குத் தூக்கிக் குடுத்திடலாம். பாஸ்த்ரூ எண்டு சொல்லுறது இதைத்தான். 2016இலையே வெளிநாட்டிலை ஒரே பெட்டியிலை ஏழு பேரை இருத்தி விளையாட வைச்சுக் காட்டினவை. முந்தி என்விடியாவின்ரை ஜீபோர்ஸ் கார்ட்டை இப்பிடிக் குடுத்தால் டிரைவர் 43ஆம் நம்பர் பிழை காட்டி நிண்டிடும், 2021இலை அந்தத் தடையையும் எடுத்தாச்சு. தெரிஞ்ச ஆள், நல்ல சாமான் போட்டுச் செய்தால் நல்லாத்தான் இருக்கும். எங்களுக்கு வித்தது அது இல்லை.

வீட்டை வந்த அண்டு இரவே தம்பி வலோரண்ட் போட்டான். இறங்கிச்சு, பதிஞ்சுது, தொடங்கேல்லை. அந்தக் கேமோடை வான்கார்ட் எண்டு ஒரு காவல்காரன் வரும். விண்டோஸ் தொடங்கேக்கையே அதுவும் சேர்ந்து எழும்பி, களவா விளையாடுறவங்களைப் பிடிக்கிறதுக்காக அடிமட்டத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கும். வேர்ச்சுவல் மெஷின் எண்டு கண்டால் கேமை விடாது. இது ரகசியமில்லை, இந்த வேலை தெரிஞ்ச எவருக்கும் தெரிஞ்ச விசயம். 2024 மே மாசத்திலை இருந்து லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் எண்ட கேமுக்கும் அதே காவல்தான். கடைக்கு ஃபோன் அடிச்சன். “செட்டிங் ஒண்டு மாத்தோணும் தம்பி, ஞாயிற்றுக்கிழமை பெடியனை அனுப்புறன்.” பெடியன் வந்து மூண்டு மணித்தியாலம் இருந்து, வேர்ச்சுவல் மெஷின் எண்டதை ஒளிக்கப் பாத்தான். பாவம், தேத்தண்ணியும் குடிக்காமல் வேர்த்துக்கொண்டு இருந்தவன். தம்பிதான் நிப்பாட்டினான். உப்பிடி ஒளிச்சு விளையாடிப் பிடிபட்டால் கணக்கையே தடை செய்திடுவாங்கள், அவன்ரை ரெண்டு வருசத்து உழைப்பு போயிடும்.

சரி, வேற கேம் விளையாடுவம் எண்டு இருந்தம். அப்பதான் ஒவ்வொண்டா வெளிக்கத் தொடங்கினது.

கீபோர்ட் கதையைக் கேளுங்கோ. கடையிலை ரெண்டு கீபோர்ட்டும் ஒரே மாதிரிப் புதுசு தந்தவை. அந்த மெஷினுக்குக் கீபோர்ட்டை மொடல் நம்பரை வைச்சுத்தான் அடையாளம் தெரியும், ரெண்டும் ஒரே நம்பர் எண்டால் ஆர் ஆற்றை எண்டு பிரிக்கத் தெரியாது. நான் அடிக்க அது தம்பியின்ரை பக்கம் போகுது. ஓட்டிக் காட்டேக்கை ஏன் இது நடக்கேல்லை எண்டு யோசிச்சால், அங்கை இருந்தது ஒரு கறுப்பும் ஒரு பழைய வெள்ளையும். கடைசியிலை லப்டொப்போடை பாவிச்ச பழைய கீபோர்ட்டைத் தேடி எடுத்துக் கொழுவினன். அம்மா சிரிச்சது இந்த முழுக் கதையிலையும் அந்த ஒரு இடத்திலைதான்.

சிரிக்க ஏலாதது கார்ட் விசயம். தம்பி தன்ரை விண்டோஸை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பத் தொடங்கினால் அவன்ரை மொனிட்டர் கறுப்பு. எங்களுக்குத் தந்தது ஏ.எம்.டி.யின்ரை ஆர்.எக்ஸ். 580. அந்தத் தலைமுறைக் கார்ட்டிலை கனக்க இருக்கிற வருத்தம் இது: மெஷின் நிண்டால் கார்ட் தன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது, முழுப் பெட்டியையும் நிப்பாட்டித் தொடங்கினால்தான் உயிர் வரும். முழுப் பெட்டி எண்டால் நான் விளையாடிக்கொண்டிருக்கிறதும் சேர்த்துத்தான். ‘ஒருத்தருக்கு ஒருத்தர் கரைச்சலே இல்லை’. கடைக்காரர் சொன்ன மருந்து, “பெட்டியை நிப்பாட்டாதேங்கோ, இரவு பகலா ஓட விடுங்கோ.” கரண்ட் பில்லை அவரே கட்டுறது மாதிரி.

ரெண்டு பேரும் ஒரே நேரம் பாரமான கேம் போட்டால் பெட்டி டப்பெண்டு நிக்கும். கணக்குப் பாருங்கோ: 580 எண்ட பேருக்குக் கார்ட் ஒண்டுக்கு 185 வாட், ரெண்டுக்கு 370, புரொசெசருக்கு 120. அதுவே 490. உள்ளை இருந்த பவர் சப்ளை பேர் தெரியாத சாமான், மேலை 600 எண்டு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஆரும் ஒட்டலாம். எங்கடை 650 வி.ஏ. யூ.பி.எஸ். 400 வாட்டும் தாங்காது, கரண்ட் போன உடனை ஒருக்காக் கீச்சிட்டுப்போட்டு அதுவும் சேர்ந்து படுத்திடும். எங்கடை ஊர் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டை வந்து 27ஆம் நாள் பின்னேரம் அரை மணித்தியாலம் கரண்ட் போட்டுது. வந்த பிறகு பெட்டியைப் போட்டால் விசிறி சுத்துது, ரெண்டு மொனிட்டரும் கறுப்பு. ஒருக்கா, ரெண்டுதரம், பத்துத்தரம். கடையிலை ஃபோன் எடுக்கேல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலை பொறியியல் படிக்கிற மச்சான் ஒருத்தன் லீவிலை வந்து நிண்டான், அவனைக் கூட்டிவந்தன். அந்தப் பெட்டியிலை ரெண்டு கார்ட்டும் ரெண்டு மெஷினுக்குப் போனதாலை, அடியிலை இருந்து ரெண்டு மெஷினையும் ஓட்டுற அன்ரெயிட் எண்ட சிஸ்டத்துக்கு முகம் காட்டத் திரையே இல்லை. அவன் தன்ரை ஃபோன் பிரவுசராலை உள்ளை போய்ப் பாத்துப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தான்.

“அண்ணை, உங்களுக்குத் தந்திருக்கிறது முப்பது நாள் ட்ரயல்.”

அன்ரெயிட் காசுக்கு விக்கிற சாமான். எங்களுக்குத் தந்ததிலை லைசென்ஸ் அது தொடங்கிற பென்டிரைவோடை கட்டியிருந்தது. ட்ரயல் முடிஞ்சாலும் ஓடிக்கொண்டிருக்கிறது ஓடும், ஒருக்கா நிண்டால் பிறகு மெஷினுகளைத் தொடங்க விடாது. கடையிலை பதிஞ்ச நாளிலை இருந்து எண்ணினால் முப்பது தாண்டியிட்டுது. ‘பெட்டியை நிப்பாட்டாதேங்கோ’ எண்டதின்ரை முழு அர்த்தம் அண்டைக்குத்தான் விளங்கினது. அப்ப ஆகக் குறைஞ்ச லைசென்ஸ் 49 டொலர். மூண்டரை லட்சத்துக்குக் கிட்ட வாங்கின ஆளுக்கு அதைப் போட்டுக் குடுக்க மனம் வரேல்லை. விண்டோஸ் ரெண்டுக்கும் ரெண்டு லைசென்ஸ் வேணும், அதிலையும் ஒண்டும் இல்லை.

வந்ததோடை மச்சான் மிச்சத்தையும் கிண்டினான். ‘28 கோர்’ எண்டது சீயன் ஈ5-2680 வி4, 2016இலை சேர்வருக்கெண்டு வந்த சிப். கோர் பதினாலுதான், 28 எண்டது த்ரெட், ஒவ்வொரு கோரையும் ரெண்டா எண்ணிற கணக்கு. அந்தப் பதினாலிலை ரெண்டை அடிச் சிஸ்டத்துக்கு விட்டால் ஆளுக்கு ஆறு கோர். வேகம் ஆகக் கூடினால் 3.3 கிகாஹெர்ட்ஸ். கேமுக்குக் கன கோர் இருந்து பிரயோசனமில்லை, ஒவ்வொரு கோரும் கெதியா ஓடோணும். கார்ட்டின்ரை விபரம் காட்டுற ஜி.பி.யு.-இசட் எண்ட மென்பொருளைப் போட்டுப் பாத்தால் கார்ட்டிலை 2048 ஷேடர் (படத்துக்குக் கணக்குப் போடுற சின்னச் சின்னப் பகுதியள்), முழு ஆர்.எக்ஸ். 580 எண்டால் 2304 காட்டோணும். இந்த வெட்டின வடிவம் 2018இலை சீனச் சந்தைக்கு வந்தது, பேரும் 580தான். பழைய சாமான் விக்கிறது குற்றமில்லை. எங்கடை ஊரிலை முக்கால்வாசிப் பேர் விளையாடுறதே பழைய சாமானிலைதான். பழசு, வெட்டினது, ட்ரயல் எண்டு வாய் திறக்காமல் புதுசின்ரை விலைக்குக் குடுத்ததுதான் பேய்க்காட்டு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனம். “நான் 580 எண்டன், 580தானே தந்தனான்?” எண்டார் முதலாளி. “வலோரண்ட் ஓடும் எண்டு பில்லிலை எழுதியிருக்கோ?” நான் பில்லை விரிச்சன். ‘கேமிங் பிசி - 1’. அவர் அதைப் பாக்கவும் இல்லை, அதிலை என்ன இருக்கெண்டு அவருக்குத் தெரியும்தானே. கடைசியிலை பவர் சப்ளையை மட்டும் மாத்தித் தந்தவர், அதுவும் பழசு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ரை 1977 எண்ட நம்பருக்கு ஃபோன் எடுத்தன். முதல் கேள்வியே பில்லிலை என்ன எழுதியிருக்கு எண்டதுதான். முறைப்பாட்டை எழுத்திலை, வாங்கி மூண்டு மாதத்துக்குள்ளை குடுக்கோணும். குடுத்திருக்கிறன், முடிவு வந்தால் இதிலை போடுறன்.

ஆனபடியால் ஆரும் உப்பிடி ஒண்டு வாங்கத்தான் போறியள் எண்டால், புரொசெசரின்ரை முழு நம்பர், கார்ட்டின்ரை முழுப் பேரும் ஷேடர் எண்ணிக்கையும், பவர் சப்ளையின்ரை கொம்பனி, லைசென்ஸ் ஆற்றை பேரிலை எண்டது எல்லாத்தையும் பில்லிலை எழுதச் சொல்லுங்கோ. எழுத மாட்டன் எண்டால் படி இறங்குங்கோ. கடையிலை நிக்கேக்கையே நீங்கள் விளையாடுற கேமை, அவர் வைச்சிருக்கிறதை இல்லை, உங்கடையைப் போட்டுப் பாருங்கோ. பிறகு ஒரு மெஷினை நிப்பாட்டித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கோ, மற்றது அசையாமல் ஓடோணும். நான் விசாரிச்சுப் பாத்ததிலை, இன்டெல்லின்ரை எட்டாம் தலைமுறை ஐ5 புரொசெசர் போட்ட பழைய பெட்டி ரெண்டும் அதே கார்ட் ரெண்டும் தனித்தனியா வாங்கியிருந்தால், மொனிட்டரோடை சேத்தும் கையிலை அறுபதாயிரத்துக்கு மேலை மிஞ்சியிருக்கும். வலோரண்டும் ஓடியிருக்கும்.

இப்ப மச்சான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஒரே ஒரு விண்டோஸ் போட்டுத் தந்திருக்கிறான். தம்பி வலோரண்ட் விளையாடுறான். மற்றக் கார்ட்டை, 2048 எண்டதை முதலே சொல்லி, வவுனியாப் பெடியன் ஒருத்தனுக்குக் குடுத்தன். நான் திரும்பப் பழைய லப்டொப்பிலை. சித்தப்பா வீடியோ கோலிலை “ரெண்டு பேரும் விளையாடுறியளோ?” எண்டு கேட்டால் அம்மா ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா.

கடை விளம்பரத்திலை புதுப் படம் ஒண்டு வந்திருக்கு. அண்டைக்குப் பெட்டி எடுக்கப் போகேக்கை எங்களை இருத்தி எடுத்தது. வலப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது தம்பி. அதை விளம்பரத்திலை இருந்து எடுக்கச் சொல்லி மூண்டுதரம் கேட்டாச்சு.